இருதயத்தை யாரும் கூப்பிடாத நான்கு மாதம்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இருதயம் இருபத்திரண்டு வருடமாக ஃபிட்டர். மெஷின் நின்றால் மேனேஜர் லோகன்கூட அவரைத் தேடித்தான் ஓடிவருவார். இருதயம் அவசரப்படமாட்டார். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நடந்து வருவார், கூட்டம் வழிவிடும். அந்த நடைக்காகவே அவர் வேலைக்கு வந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

போன வருடம் லோகன் புது ஏற்பாடு ஒன்று கொண்டுவந்தார். மெஷினை ஓட்டுகிறவர்களே தினமும் அதைத் துடைத்து, கிரீஸ் வைத்து, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உற்பத்தி லைனில் மெஷின் ஓட்டிய அமுதவள்ளி ஒரு படி மேலே போனாள். பந்திங்கிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எங்கே சூடு, எங்கே சத்தம் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். நான்கு மாதம் அவள் லைன் ஒரு தடவைகூட நிற்கவில்லை; அங்கிருந்து இருதயத்தை யாரும் கூப்பிடவும் இல்லை.

கேன்டீனில் அவள் பேரைக் கேட்டாலே இருதயத்துக்கு வயிறு எரிந்தது. "துணியால துடைக்கிறதெல்லாம் ஒரு வேலையா லா?" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளே வந்தாள். "அண்ணே, ஓவன் பெல்ட் உருளையில பேரிங் கத்துது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"பழைய மெஷின்மா, அப்படித்தான் கத்தும்."

அந்தப் பக்கம் போகும்போது அந்தச் சத்தத்தை அவரும் கேட்டிருந்தார். தேய்ந்த பேரிங் என்று தெரியும். புதன்கிழமையும் வந்து கேட்டாள். அதே பதில்.

வியாழன் காலை பேரிங் இறுகி, பெல்ட் நின்றது. ஓவனுக்குள் பிஸ்கட் கருகிப் புகை கிளம்பியது. "அண்ணே, சீக்கிரம்!" என்று நாலு பேர் ஓடிவந்தார்கள். ஒரு மணி நேரத்தில் புது பேரிங் மாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அது கேட்டு எத்தனை நாளாயிற்று!

லோகன் அமுதவள்ளி பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துக்கிற லைன்தானே? எப்படி விட்டீங்க?"

அவள் நோட்டை நீட்டினாள். "ரெண்டு நாளா எழுதியிருக்கேன் சார். சொல்லவும் சொன்னேன்."

"யார்கிட்ட?"

அவள் வாய் திறக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால்கூட இருதயம் தாங்கியிருப்பார். அந்த மௌனத்துக்கும் அவளுக்கு நல்ல பேர் கிடைத்துவிடும் என்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"என்கிட்டதான் சொல்லுச்சு சார். வேணும்னேதான் நான் போகல."

இருதயத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவளோடு எல்லா லைனையும் சுற்றிவரச் சொன்னார் லோகன். சுற்றினார். மற்ற லைன்களிலும் பழுது குறைந்தது. டிசம்பரில் அமுதவள்ளியை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு இருதயம் கேன்டீனுக்குப் போனார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.