கப்பலில் ஓடிய பெட்டி

போன வாரம் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸியிலிருந்து புகை வந்தது. உங்களுக்கும் அந்த வாடை தெரிந்திருக்கும். மோட்டார் கருகும் வாடை. மூக்கில் ஏறினால் மத்தியானம் வரைக்கும் இறங்காது. வேறு யாராக இருந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கைத் திட்டியிருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். சமையலறையில் நானும் மிக்ஸியும் மட்டும்தான் இருந்தோம். இந்த வயதில் ஒரு மிக்ஸிக்குப் பயந்து நின்றதை நினைத்து அப்புறம் சிரித்தேன்.

அந்த வாடை வந்தால் அடுத்து அடி விழும். என் உடம்புக்கு அப்படித்தான் பழக்கம்.

எங்களுக்குப் பூர்வீகம் கீழக்கரைப் பக்கம். பிழைப்பு அந்தமானில். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் பாத்திரக்கடை, டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் வீடு. கடையில் உட்கார்ந்திருக்கும் வாப்பாவைப் பார்த்தால் இப்படி ஒரு தங்கமான மனிதரா என்று தோன்றும். அதே மனிதருக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கை நீண்டுவிடும். அவர் எங்கள் அண்ணன் ஜலால் காக்காவை அடித்தார். ஜலால் காக்கா எங்கள் தம்பி நசீரை அடித்தார். நசீர் வளர்ந்ததும் திருப்பி அடித்தான். நடுவில் பிறந்த நான் அடிக்க மாட்டேன், எறிவேன். பாத்திரக்கடைக்காரர் வீடு, எறிவதற்கு என்ன பஞ்சம்? கரண்டி, டம்ளர், ஒருமுறை குக்கர் மூடி. குறி மட்டும் தப்பாது. பக்கத்து வீட்டு வங்காளியை 'தாதா' என்போம், அவர்கள் பேச்சில் அண்ணன். எங்கள் சத்தம் கேட்டால் அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுப்பார் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

காயம் பலமாகிவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர் கேட்டால் யாராக இருந்தாலும் ஒரே பதில்தான்: "சீடி சே கிர் கயா." படியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் படிக்கட்டே கிடையாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தச் சொல்லே வாயில் வராது. அதற்குப் பதிலாக ஏதாவது வாங்கி வருவார்கள். வாப்பா பெல்ட்டால் அடித்த மறுநாள் அல்வாப் பொட்டலம் வரும். ஜலால் காக்கா என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதிய வாரம் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வந்தது. பொருளை வாங்கிக்கொண்டால் சண்டை தீர்ந்தது என்று கணக்கு. வாங்காமல் இருந்தவர் எங்கள் வீட்டில் அதுவரை யாருமில்லை. அல்வாவை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஜலால் காக்காவுக்கு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் டெக் வேலை. ஒரு விடுமுறையில் வந்திருந்தபோது, தன் பைக்கைக் கேட்காமல் எடுத்தான் என்று நசீரின் வாயில் ஒரு குத்து விட்டார். முன்பல் ஒன்று உடைந்து முற்றத்தில் விழுந்தது. அப்போது நசீருக்கு இருபது தாண்டிவிட்டது. கடையில் நாலு பேர் முன்னால் நிற்கிற பையன், சிரித்தால் ஓட்டை. அவன் அழவில்லை. வாயைக் கழுவிவிட்டு வந்து என்னிடம் சொன்னான்.

"லாத்தா, இனி ஒரு அடி. இன்னும் ஒரே ஒரு அடி இந்த வீட்டுல என் மேல விழுந்துச்சுன்னா நான் மெயின்லேண்டு போயிருவேன். சென்னையில கூட்டாளி கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

லாத்தா என்றால் அக்கா. அவன் சும்மா சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நசீர் என் வளர்ப்பு மாதிரி. அவன் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சுயநலம்தான், மறைப்பானேன்.

விடுமுறை முடிந்து ஜலால் காக்கா கப்பலுக்குப் போனார். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. பல மாதம் கழித்து ஒருநாள் எனக்குப் போன் வந்தது. பின்னால் கடல்காற்று இரைந்தது.

"புள்ள, அமெரிக்காவுல நிக்கிறோம். நசீருக்கு ஒண்ணு வாங்கியிருக்கேன். வீடியோ கேம் செட்டு. பெருசு. டிவியில மாட்டி விளையாடுறது. அவன்ட்ட சொல்லாத. சொல்லு... இல்ல, சொல்லாத. நீ சொல்லேன்."

அவர் இப்படித் தடுமாறி நான் கேட்டதே இல்லை. அந்தப் பல்லுக்குத்தான் அந்தப் பெட்டி என்று எனக்குப் புரிந்தது. நசீரிடம் சொன்னேன். மறுநாள் பஜாரிலிருந்து டிவிக்கு ஒரு புது மேசை வாங்கி வந்துவிட்டான்! எனக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது.

நான் அப்போது ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் தற்காலிக வேலையில் இருந்தேன். அங்கேயும் அடிதடிதான். வரிசையில் முந்தினான் என்று தமிழன் தெலுங்கனின் காலரைப் பிடிப்பான், இரண்டு பேரையும் பிரிக்கப் போன மலையாளி அடி வாங்குவான், மூன்று பேரும் இந்தியில் திட்டிக்கொள்வார்கள். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்க எனக்கு வீட்டில் இருப்பது போலவே இருக்கும். கூட வேலை பார்த்த பெண்கள் பயந்து எழுந்துவிடுவார்கள். நான் மட்டும் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

ஜலால் காக்கா பெட்டியோடு வந்து இறங்கினார். அட்டையைப் பிரித்தபோது வந்த புதுப் பிளாஸ்டிக் மணம் வீடு முழுக்க நிறைந்தது. வெள்ளைப் பெட்டி, இரண்டு கைப்பிடிகள், செங்கல் கனத்தில் ஓர் அடாப்டர். கப்பலில் தன் கேபினில் மாட்டி, ஃபிலிப்பைன்ஸ்காரச் சமையல்காரனோடு ஒவ்வொரு சாயங்காலமும் விளையாடிப் பார்த்திருக்கிறார்.

"ஒரு நாளு மக்கர் பண்ணல. ஓட்டிப் பாத்துத்தான் கொண்டு வந்திருக்கேன்," என்றார், யாரிடமும் இல்லாமல் பொதுவாக. நசீர் கைப்பிடியை எடுத்துப் பார்த்தான். "நல்லாருக்கு காக்கா," என்றான். எத்தனையோ மாதம் கழித்து அவன் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. டீசல் ஜெனரேட்டரில் ஓடுகிற ஊர். சாயங்காலமானால் டியூப் லைட் கண் சிமிட்டும், ஃபிரிட்ஜ் முனகும். எங்களுக்குத் தெரிந்த வியாதி ஒன்றே ஒன்றுதான்: கரண்ட் குறைவது. அதற்கு மருந்து ஸ்டெபிலைசர். அதில் மாட்டிவிட்டால் எந்தச் சாமானும் பத்திரம் என்பது ஊர் நம்பிக்கை. கரண்ட் ஒரு பொருளுக்கு அதிகமாகிப்போகும் என்று எங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அந்த அமெரிக்க பிளக்கின் தட்டைக் கம்பி நம் ஊர் ஓட்டையில் நுழையவில்லை. காக்கா பஜாருக்குப் போய் அதற்கு ஒரு பின் வாங்கி மாட்டி, ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசரையே கழற்றி இதற்குக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டார். அந்த நேரம் பார்த்து ஊரிலேயே கரண்ட் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது.

"கரண்டு வந்தாலும் ஒருத்தரும் தொடக் கூடாது. நான் வந்து போட்டுத் தாறேன்," என்றார் ஜலால் காக்கா. ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். போட்ட சுவிட்சு போட்டபடியே இருந்தது.

தொழுகை முடிந்ததும் நசீர்தான் முதலில் ஓடி வந்தான். முற்றத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தான். எனக்கு அன்று லீவு, மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்தது. காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. கூடத்தில் டப்பென்று ஒரு வெடி. நான் திரும்புவதற்குள் ஈரக்காலோடு நசீர் உள்ளே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டான். அடாப்டரிலிருந்து கறுப்புப் புகை. அந்த வாடை. அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் நிற்கிறான், வாசலில் ஜலால் காக்கா.

"தொடாதன்னு சொன்னேனேடா!"

"காக்கா, நான் தொடல. அதுவா..."

அடாப்டரைப் பிடுங்கி, வயரைச் சுற்றிப் பிடித்து வீசினார். முதல் வீச்சு தோளில் விழுந்தது. இரண்டாவது வீச்சுக்கு நசீர் கையைத் தூக்கினான். மணிக்கட்டில் பட்டது. எலும்பு முறியும் சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. பிஸ்கட்டை உடைத்த மாதிரிதான் கேட்டது. அவன் விழுந்த பிறகும் காக்கா நிறுத்தவில்லை, விலாவில் மிதித்தார். "அவன் தொடல, கரண்டு வந்து தானா வெடிச்சிச்சு!" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அன்றைக்கு நான் எறியவில்லை. கொதிக்கும் எண்ணெய் சொட்டச் சொட்டக் கரண்டியோடு ஓடி வந்து அவர் பின்கழுத்தில் ஓங்கிப் போட்டேன். தோல் வழன்று வந்தது. அவர் திரும்பி என்னை அறைந்தார், நான் சுவரில் போய் விழுந்தேன். உள்ளே வந்த வாப்பா, யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்கிற வழக்கம் இல்லாதவர், பெல்ட்டை உருவி மூன்று பேரையும் பாரபட்சமில்லாமல் விளாசினார். உம்மா வாசல்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் பக்கத்து வீட்டுத் தாதாதான் வேலியைத் தாண்டி வந்து காக்காவை இடுப்போடு கட்டிப் பிடித்தார்.

"அரே க்யா கர் ரஹா ஹை! லட்கா மர் ஜாயேகா!"

பையன் செத்துப்போவான் என்று அவர் கத்தியபோதுதான் வீடு நின்றது. மீன் அடுப்பில் கரியாகிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். டாக்டர் எப்படி என்று கேட்டார். நான் படிக்கட்டைச் சொல்ல வாயைத் திறந்தேன். நசீர் முந்திக்கொண்டான்.

"மேரே பாய் நே மாரா." என் அண்ணன் அடித்தான். அவ்வளவுதான் சொன்னான். எங்கள் குடும்பத்தில் அந்த உண்மையை வெளியில் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

வீட்டுக்குத் திரும்பினால் ஜலால் காக்கா அடாப்டரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் நான் சுட்ட இடம் கொப்பளித்திருந்தது. "கப்பல்ல ஓடுச்சே... தெனமும் ஓடுச்சே..." இதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் நூற்றிருபது வோல்ட் என்று போட்டிருந்தது.

"காக்கா, உங்க கப்பல்ல கரண்டு எவ்வளவு?"

கேபினில் பிளக் மாட்டுகிற இடத்துக்கு மேலேயே நூற்றிப்பத்து என்று தகடு அடித்திருக்குமாம். சவரம் செய்கிற மெஷினை மாட்டும்போதெல்லாம் பார்த்ததுதானாம். அது கப்பலுக்குள் மட்டும்தான் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பாதி கரண்டில் ஓடிப் பழகிய பெட்டிக்கு, குறையக் கூடாது குறையக் கூடாது என்று ஸ்டெபிலைசர் வைத்து முழு கரண்டையும் ஊட்டியிருக்கிறோம். சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனவரும் அவர்தான். எழுந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் அடி அடியென்று அடித்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வருகிறவரைக்கும் விடவில்லை. யாரும் தடுக்கவில்லை.

அப்புறம் நசீர் படுத்திருந்த கட்டிலுக்கு வந்து நின்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன்.

"வேற ஒண்ணு வாங்கிட்டு வாறேன்டா. நம்ம ஊருக் கரண்டுக்கு ஓடுறதா, விசாரிச்சு வாங்குறேன்."

"வேணாம் காக்கா. இனி எனக்கு ஒண்ணும் வாங்காதிய."

ஏதோ வெளியாளிடம் சொல்வது போல மரியாதையாகச் சொன்னான். அவ்வளவு அடியிலும் எனக்கு வலிக்காதது அப்போது வலித்தது.

கட்டுப் போட்ட கையோடு அவன் என் கவுண்டர் வரிசையில் வந்து நின்றான். முந்தவில்லை, என்னைக் கூப்பிடவுமில்லை. அவன் முறை வந்தது.

"சென்னைக்கு ஒண்ணு குடு லாத்தா."

"வெளிய நில்லு, வந்து பேசுறேன்."

"பேசுறதுக்கு ஒண்ணுமில்ல. பின்னாடி ஆளு நிக்கிது."

பின்னால் நின்றவர் "மேடம், ஜல்தி கரோ நா," என்று அவசரப்படுத்தினார். அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கம்பி வழியாகக் கையை விட்டு அவர் சட்டையைப் பிடிக்கப் பார்த்தேன். எட்டவில்லை. டிக்கெட்டைக் கொடுத்தேன். நசீர் இடது கையால் வாங்கிக்கொண்டான்.

அதற்கப்புறம் அவன் உம்மா இறந்தபோது வந்தான், வாப்பாவின் மௌத்துக்கு வந்தான். ஃபாத்திஹா ஓதி முடித்ததும் கிளம்பிவிடுவான். கை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருக்கிறது.

ஊர் ரொம்ப மாறிவிட்டது. இப்போது பெட்டிகளும் மாறிவிட்டன. எந்த நாட்டில் வாங்கி எந்த ஊரில் மாட்டினாலும் ஓடுகிறதாம். ஜலால் காக்கா கப்பலை விட்டுவிட்டு வாப்பாவின் கடையில் உட்காருகிறார். சர்க்கரை வியாதி, பாதி உடம்பு ஆகிவிட்டார். பேரப் பிள்ளைகள் மேலே ஏறி மிதித்தாலும் கை ஓங்குவதில்லை. பேசுவதே பக்கத்தில் போனால்தான் கேட்கும்.

போன ரமலானுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். "நசீருக்குப் போனப் போடு புள்ள," என்றார். போட்டு அவர் கையில் கொடுத்தேன். வாயருகே கொண்டுபோய் மெல்லச் சொன்னார்.

"என்ன மன்னிச்சிருடா தம்பி."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து நசீர் கேட்டான்: "யாரு பேசுறது?"

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அவனுக்குத் தெரிந்த காக்கா கத்துகிறவர். அந்த ஆள் எங்கள் வீட்டை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதை நாங்கள் யாருமே நசீரிடம் சொல்லவில்லை.