கைக்குட்டைக்குள் இரண்டு அதிரசம்

சண்டைக் காலத்துத் தீபாவளி அது. தென்காசி ரயில் நிலையத்தில் யாருக்கும் லீவு கிடையாது என்று உத்தரவு வந்துவிட்டது. அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த அப்பா, ஊருக்குப் போக முடியாத மூன்று இளைஞர்களைப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார். அம்மாவிடம் அதைச் சொன்னது முந்தின நாள் சாயங்காலம்தான்.

"ஒரு வாரம் முந்திச் சொன்னா வாய் வலிக்குமா? இந்த ரேஷன் காலத்துல சீனிக்கு நான் எங்கன போவேன்?" என்றாள் அம்மா. கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கிளறி வைத்திருந்த அதிரச மாவு எங்களுக்கு மட்டும்தான் காணும். அதையே சின்னச் சின்னதாகத் தட்டிச் சுட்டாள். அதிரசம் சிறுத்துப்போனதில் எனக்குப் பெரிய வருத்தம். அப்போது எனக்கு எட்டு வயது.

மறுநாள் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு மூவரும் வந்தார்கள். இருவர் கலகலப்பாகப் பேசினார்கள். தந்தி அடிக்கும் தெலுங்கு தேசத்துக்காரர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அதிரசம் யாருக்கு எத்தனை போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்ற நான், அவர் மடியிலிருந்த கைக்குட்டைக்குள் இரண்டு போவதைக் கண்டுவிட்டேன்.

"எம்மா, இந்த மாமா அதிரசத்தை ஒளிச்சு வைக்காரு!"

அவர் முகம் சிவந்து, கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா இலையைப் பார்த்தார். அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள்.

"நான்தாம்ட்டி கொண்டுபோகச் சொன்னேன். உனக்கென்ன?" என்று என்னை அதட்டிவிட்டு, மிச்சமிருந்த நான்கையும் அவர் பக்கம் வைத்தாள். "தம்பி, இதையும் சேத்துக் கட்டிக்கிடுங்க."

அவர்கள் போனபிறகு, "நீ எப்பம்மா அவருகிட்ட சொன்ன?" என்று அழுதுகொண்டே கேட்டேன். "இலையை எடுத்துப் போடு" என்பதுதான் பதில்.

மறுநாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தந்தி மேசையில் அந்தத் தெலுங்கு மாமா ஒரு சின்னப் பொட்டலத்தைத் துணி சுற்றித் தைத்துக்கொண்டிருந்தார். என்மேல் கோபமில்லை போலிருந்தது. சிரித்தபடியே, "எங்க அம்மாகு" என்றார். மேலே உருண்டை உருண்டையாகத் தெலுங்கு எழுத்தில் விலாசம்.

அவருடைய அம்மா வீட்டில் பலகாரம் சுட்டிருக்க மாட்டாளா, போய்ச் சேருவதற்குள் கல்லாகிவிடுமே என்றெல்லாம் வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தேன். பண்டிகையன்று தன் பிள்ளைக்கும் ஒரு வீட்டில் இலை போட்டார்கள் என்று அந்தத் தாய்க்குத் தெரிய வேண்டாமா என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.