டிரைவர் டப்பாவில் என்ன?

டயாலிசிஸ் அறையில் ஊசி குத்துவதைக்கூடப் பூட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார். பக்கத்து நாற்காலியில் டிரைவர் டப்பா திறக்கும் சத்தம்தான் அவருக்கு ஆகாது.

டிரைவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, மறு கையால் மகள் கட்டித்தந்த டப்பாவிலிருந்து பாகில் ஊறிய எதையோ எடுத்து, கண்ணை மூடிச் சப்புக்கொட்டுவார். பூட்டுக்காரருக்கு வயிறு பற்றி எரியும். எனக்கு வந்த அதே வியாதிதானே இந்த மனுஷனுக்கும்? பாலைக் குறை, சாக்லேட்டைத் தொடாதே, முந்திரி பக்கம் போகாதே என்று என்னை மட்டும் வாட்டுகிறார்களே! இனிப்பென்று ஒன்றை வாயில் வைத்தே மாதக்கணக்காகிறது.

ஒருநாள் தாங்க முடியாமல் டயட்டீஷியனிடம் போட்டுக் கொடுத்துவிட்டார். "அம்மா, அவர் திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடுறார்."

அந்தப் பெண் சிரித்தாள். "திருட்டுத்தனம் எல்லாம் இல்ல சார். தோல் சீவின ஆப்பிள், சர்க்கரைப் பாகுல வேகவெச்சது. என்னைக் கேட்டுத்தான் செய்றாங்க. உங்களுக்கும் சர்க்கரை நோய் இல்லையே, அளவா சாப்பிடலாமே? நீங்கதான் கேட்டதே இல்ல."

இதைக் கேட்டதும் வயிறு இன்னும் எரிந்தது. அவருக்குக் கேட்க மகள் இருக்கிறாள். என் வீட்டில்? இனிப்பு அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறாள் மனைவி. தனியாக நன்றாக ருசிக்கிறாள் போல!

வீட்டுக்கு வந்தவுடன் கம்பியை வளைத்து அலமாரியைத் திறந்தார். பூட்டுக்காரர் வீட்டுப் பூட்டு எவ்வளவு நேரம் தாங்கும்? உள்ளே பிஸ்கட் டின் இருந்தது. காலி. ஓர் எறும்புகூட இல்லை.

"என்ன தேடுறீங்க?" மனைவி பின்னால் நின்றாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையே!"

"நீங்க சாப்பிடாதப்ப எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?"

"அப்புறம் எதுக்குப் பூட்டு?"

"உள்ள ஏதோ இருக்குன்னு நெனச்சு இதையே சுத்திச் சுத்தி வருவீங்க, கடைப்பக்கம் போகமாட்டீங்கன்னுதான்."

டயட்டீஷியன் சொன்ன ஆப்பிள் விஷயத்தை அவர் அவளிடம் சொன்னார். சாயங்காலம் இருவருமாக ஆப்பிள் சீவினார்கள். டயட்டீஷியனுக்குப் போன் போட்டு அளவு கேட்டவள் மனைவிதான். முதல் துண்டை அவளுக்கு ஊட்டியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டதை அவர் பார்த்தார்.

அடுத்த முறை பூட்டுக்காரர் வேண்டுமென்றே சத்தம் வரும்படி தன் டப்பாவைத் திறந்தார். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"அடேங்கப்பா, என்ன நிறம்! எம்பொண்ணுக்கு இந்தப் பதம் வராது, போங்க."

பூட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அது டிரைவர் தன் டப்பாவைத் திறக்கும் வரைதான். பஞ்சு போல வெள்ளையாக ஒரு துண்டு.

"என்னய்யா இது புதுசா?"

"கேக். வெள்ளைக்கரு மட்டும் போட்டது. இதையும் கேட்டுட்டுத்தான் செஞ்சா."

பூட்டுக்காரர் ஊசி குத்தாத கையால் போனை எடுத்து மனைவியை அழைத்தார். "ஏய், உனக்குக் கேக் செய்ய வருமா, வராதா?"