ரப்பர் பட்டை வைத்தியம்

புளியமரத்தில் கழி போட்டு உலுக்கி உலுக்கி, என் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போனது. மலையிறங்கி, ஒடுகத்தூரில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் போனேன். அவர் ஊசி போடவில்லை. ஒரு ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி இழுக்கச் சொன்னார்.

"வலிக்கிற கையாலயே இழுக்கச் சொல்றீங்களே, இன்னும் கெட்டுப்போனா இன்னாங்க பண்றது?" என்றேன்.

"லேசா வலிச்சா பரவால்லைங்க. அதிகமானா நிறுத்திடுங்க. தோள் எலும்புக்கு அடியில தசைநார் நசுங்குது. தசைக்கு பலம் வந்தா சரியாவும்."

நான் நம்பவில்லை. வீட்டில் இழுக்கும்போதெல்லாம், ஏமாந்துவிட்டோமோ என்றே நினைத்தேன். மனைவிக்கோ என்மேல் சந்தேகம்.

"வூட்டு வேலைன்னா வலிக்குது, ரப்பர் இழுக்க மட்டும் வலிக்கலையா?" என்றாள்.

கோடை முடிவதற்குள் சட்டையை நானே மாட்டிக்கொள்ள முடிந்தது. அது தானாகவே சரியாகியிருக்கும் என்றுதான் அப்போதும் சொன்னேன். ஆனாலும் பயிற்சியை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.