ரத்தினத்தைத் தேடிய மெசின்

ஒரு கம்பியூட்டர் காலையில் சட்டென்று எழும்பியதற்காக ஒரு மனிதனின் முகம் வெளிறிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அன்றைக்கு முதலில் நானும் சிரித்தவள்தான்.

அவர் பெயர் பாலேந்திரன். யாழ்ப்பாணத்துக் கொக்குவில் ஆள், கட்டுக்கலையில் அறை எடுத்துத் தம்பியோடு இருந்தார். கண்டி திருகோணமலை வீதியில் மர்சூக் முதலாளி நடத்திய தபால்வழிக் கல்வி நிலையத்தில் கம்பியூட்டர் வேலை அவருடையது. கணக்கும் டைப்பிங்கும் மஹய்யாவப் பக்கத்துச் சுந்தரியாகிய என்னுடையவை. அவரைப் போல ஒரு பொறுமைசாலியை நான் கண்டதில்லை. என்னைப் போல ஒரு முன்கோபியை அவரும் கண்டிருக்க மாட்டார். பிளேன்டீயைக்கூட நன்றாக ஆறவிட்டுத்தான் குடிப்பார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பரீட்சைப் புள்ளிகள் எல்லாம் ஒரு பழைய புரோகிராமில் இருந்தன. அது புதுக் கம்பியூட்டரில் ஓடாது. அதனால் புதியதன் வயிற்றுக்குள்ளேயே பழையது ஒன்றைப் பாலேந்திரன் உண்டாக்கி வைத்தார். திரைக்குள் இன்னொரு திரை, பெட்டியில்லாத கம்பியூட்டர். அவர் அதை வர்ச்சுவல் மெசின் என்பார். நான் பேய் மெசின் என்பேன்.

தம்பி இராஜரத்தினமும் எங்களோடுதான் வேலை செய்தார், பாடக்குறிப்பு எழுதுகிறவர். தன் லேப்டொப்புக்கும் ‘ரத்தினம்’ என்றே பெயர் வைத்திருந்தார். அண்ணனும் தம்பியுமாக அதைப் பேய் மெசினோடு இணைத்து வைத்தார்கள். ஒன்று எழும்பும்போது மற்றதைத் தேடிக் கோப்புகளை எடுத்துக்கொள்ளும், அணையும்போது திருப்பிக் கொடுக்கும்.

2008ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு பின்னேரம், லேப்டொப் பையோடு வீட்டுக்குப் போன ரத்தினத்தை யாரோ வெள்ளை வேன் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பார்த்த பழக்கடைக்காரர் மறுநாள் தான் எதையும் பார்க்கவில்லை என்றார். எங்கள் மஹய்யாவ சனத்துக்கு எழுபத்தேழு கலவரமும் தெரியும், எண்பத்துமூன்றும் தெரியும். அவையெல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தவை. இது சத்தமே இல்லாமல் வந்தது.

மறுநாளிலிருந்து பேய் மெசின் லேசில் எழும்பவில்லை. திரை கறுத்தபடியே கிடக்கும். பின்னேரம் அணைத்தால் அணையாது. நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்போம். “என்ன பாலேந்திரன், இது எழும்புறதுக்குள்ள நான் லுஹர் தொழுதுட்டு வந்துரலாம் போல” என்பார் முதலாளி. பாலேந்திரன் மெமரி கூட்டினார், வைரஸ் தேடினார், பழைய பிரதிகளை அழித்தார். ஒன்றுக்கும் அசையவில்லை.

ஒரு நாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. “அண்ணே, இத தூக்கிக் குப்பையில போடுங்க!”

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இதில பிழை ஒண்டும் இல்லை, சுந்தரி. எழும்பேக்க ரத்தினத்தைத் தேடுது, படுக்கேக்கையும் தேடுது. மறுமொழி வருமெண்டு பார்த்துக்கொண்டு நிக்குது.”

“அந்தப் பேர எடுத்துட்டா?”

“உடன எழும்பும்.”

“அப்ப எடுங்களேன்.”

“எடுக்க மாட்டன்.”

அந்த மனிதர் அப்படி வெட்டிப் பேசி நான் கேட்டதேயில்லை. மெமரியும் வைரசும் முதலாளிக்குக் காட்டிய கூத்து என்று அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு முதலாளி கத்தும்போதெல்லாம், கரண்ட் சரியில்லை என்று நானும் பொய் சொன்னேன். தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று ஒருவரும் சொல்லவில்லை. பொலிஸ் முறைப்பாட்டை வாங்கியதோடு சரி. ஊரிலிருந்து தாய் போன் எடுத்து அழுதால், “விசாரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், அம்மா” என்பார்.

பிறகு ஆவணி மாதத்தில் அந்த வியாழக்கிழமை வந்தது. பொத்தானை அழுத்திக் கை எடுப்பதற்குள் பேய் மெசின் எழும்பிவிட்டது. “பேய்க்கு நல்ல புத்தி வந்துருச்சு!” என்று கைதட்டினேன். பாலேந்திரன் கதிரையைப் பிடித்துக்கொண்டார். திரையில் ‘ரத்தினம்’ என்ற பெயர் தெளிவாக நின்றது. அந்தப் பெயர் மறுமொழி சொல்லியிருந்தது.

“அந்த லேப்டொப் எங்கட ஒயரிலதான் கிடக்குது. இந்தக் கட்டடத்துக்குள்ள,” என்றார்.

எங்கள் கம்பியூட்டர்களை இணைத்த ஒயர் மேல்மாடியில் நடந்த ஆங்கில வகுப்புக்கும் போனது. அவர் படியேறினார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். கடைசி வரிசை வாங்கில் தோய்த்து மடித்த சட்டையோடு ஒரு சிங்கள வாலிபர் உட்கார்ந்திருந்தார். முன்னால் ரத்தினத்தின் லேப்டொப். மூடியின் ஓரத்தில் ரத்தினம் ஒட்டியிருந்த பிள்ளையார் படம் பாதி சுரண்டப்பட்டிருந்தது.

பாலேந்திரனைக் கண்டதும் வாலிபர் மரியாதையாக எழும்பிச் சிங்களத்தில் கேட்டார்: “கீழ்மாடி கம்பியூட்டர் சேர்தானே? இதைக் கொஞ்சம் பார்ப்பீங்களா? வீட்டில் திறந்தால் எழும்ப வெகுநேரம் எடுக்கிறது, அணையவும் மாட்டேன் என்கிறது. இன்றைக்குத்தான் இங்கே முதல் வகுப்பு. இங்கே மட்டும் உடனே எழும்புகிறது.”

யாரோ ஒருவரின் வீட்டில், ஒவ்வொரு தரமும், அது எங்கள் மெசினைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறது.

“யார் தந்தது?” என்று பாலேந்திரன் சிங்களத்தில் கேட்டார். குரல் ஒருவாறு ஒழுங்காக வந்தது.

“அண்ணன் தந்தார். கொழும்பில் ஏதோ பாதுகாப்பு வேலை. இதை வைத்திருந்தவனுக்கு இனி இது தேவைப்படாது என்றார்.”

வாலிபர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் அந்த வேன் எங்கள் வாசலுக்கும் வரும். பாலேந்திரன் உட்கார்ந்தார். லேப்டொப்புக்குள் இருந்த எங்கள் மெசினின் பெயரைத் தேடி எடுத்து அழித்தார். “இனிச் சுணங்காது, தம்பி,” என்றார், தமிழில். கீழே வந்து பேய் மெசினிலிருந்து தம்பியின் பெயரையும் எடுத்தார். அன்று பின்னேரம் முதலாளி வெகு சந்தோசமாக வீட்டுக்குப் போனார்.

இதை ஊருக்கு, தாய்க்குக்கூட, அவர் சொல்லவில்லை. யுத்தம் முடிந்து யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் தாயைக் கண்டிக்குக் கூட்டிவந்தார். அந்த மனுசி வாசல் பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி, சாகும்வரைக்கும் சின்னவன் வந்துவிட்டானா என்று கேட்டது. “விசாரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், அம்மா” என்பார். மூத்த மகனின் கையால் கஞ்சி குடித்துவிட்டு அது மறுபடி வாசலைப் பார்க்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து நான் என் வீட்டில் அழுதிருக்கிறேன்.

தாயின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் கெட்டம்பேயில் மகாவலிக் கரையில் செய்தார்கள். நானும் போயிருந்தேன். ஐயர் பிண்டம் வைக்கப் போனபோது பாலேந்திரன், “இன்னுமொண்டு வையுங்கோ, ஐயா. தம்பிக்கு,” என்றார். கரையில் நின்ற சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயர் தம்பி செத்த நாளைக் கேட்டார். பாலேந்திரன் அந்த வியாழக்கிழமையைச் சொன்னார்.