வளரப் போகும் உயரத்துக்கு

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு பீச் பக்கம் ஆபீஸ். காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நான் வீட்டிலேயே மெஷின் போட்டு, தெருவில் உள்ளவர்களுக்கு ஜாக்கெட்டும் கவுனும் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தையல் நன்றாக இருந்ததால் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் எதிர் வீட்டுக்கு ஒரு மிஷனரி குடும்பம் குடிவந்தது. வெள்ளைக்காரர்கள் இல்லை, நம் தமிழர்கள்தான். கணவர் வாத்தியார், மனைவி நர்ஸ். நியூகினி என்ற தீவில் ஏதோ ஒரு மலைக்கு நடுவே ஊழியம் செய்துவிட்டு ஒரு வருஷ லீவில் வந்திருந்தார்கள். என் கணவர் அட்லஸை விரித்துக் காட்டியபோது, இவ்வளவு தண்ணீரைத் தாண்டியா என்று எனக்குத் தலை சுற்றியது. லீவு முடிந்ததும் மறுபடி நாலு வருஷத்துக்குப் போக வேண்டும். அவர்களுக்குப் பத்து வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன். பையன் கூடப் போகிறான். பெண் படிக்கும் வகுப்புக்கு அந்த மலையில் பள்ளிக்கூடம் இல்லாததால், அவளை இங்கேயே ஹாஸ்டலில் விட்டுப்போவதாக முடிவு செய்திருந்தார்கள்.

தெருவில் இதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. “இன்னாம்மா இது, பெத்த பொண்ண வுட்டுட்டுப் போவுதாமே, மனசு எப்டிம்மா வருது?” என்று பால்காரம்மா என்னிடம்தான் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். என் குழந்தையைத் தூளியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போய் வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

கப்பலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்த எதிர் வீட்டு அக்கா ஒரு மூட்டைத் துணியோடு என் வீட்டுக்கு வந்தார். மெஷினைக் கொஞ்ச நாள் பங்கு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். மகளுக்கு நாலு கிறிஸ்துமஸுக்கும் சேர்த்து இப்போதே கவுன் தைத்து வைக்க வேண்டுமாம். ஒன்று பத்து வயதுக்கு, அடுத்தது பதினொன்றுக்கு, அப்படியே பதின்மூன்று வரைக்கும்.

“அவ எவ்ளோ வளருவான்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?” என்றேன்.

“நான் வளந்த மாதிரி வளருவான்னு வச்சிக்கிறேன். தப்பாப் போச்சுன்னா நீ பிரிச்சு விடு. அதுக்குத்தான் உள்ள நெறைய துணி விடறேன்.”

அப்போதுதான் எனக்கே விஷயம் விளங்கியது. கவுன்களை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போகப்போகிறார். உங்கள் சபையில் ஆளே இல்லையா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “இருக்காங்க. அவங்க கிட்ட குடுத்தா ஜெபம் பண்ணுவாங்க. நீ அளவு பாப்ப.”

அந்தப் பெண் அளவு கொடுக்க மாட்டேன் என்றாள். டேப்பை எடுத்தாலே பின்பக்கமாக ஓடிவிடுவாள். “எனக்கு ஒண்ணும் தைக்க வேணாம், ஒண்ணும் போட மாட்டேன்” என்று அவள் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. கொடியில் காய்ந்த பள்ளிக்கூட யூனிபாரத்தை எடுத்து வந்து அதில் அளவு எடுத்துக்கொண்டார்.

தினமும் மத்தியானம் அதே நீலப்பூ வாயில் புடவையில் வந்து உட்கார்ந்து தைப்பார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? போகாமல் இருந்துவிட்டால்தான் என்ன என்று ஒருநாள் கேட்டே விட்டேன். மெஷின் நின்றது. அந்த மலையில் பிரசவம் பார்க்க வேறு ஆள் கிடையாது என்றார். லீவுக்குக் கிளம்பியபோது, நிச்சயம் திரும்பி வருவாயா என்று கேட்டுக்கொண்டே பெண்கள் படகுத்துறை வரைக்கும் நடந்து வந்தார்களாம். வருவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். “இவளுக்கு இங்க நாலு பேர் இருக்கீங்க” என்றார். மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

கடைசிக் கவுனை முடித்த அன்று அதைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கி, தன் தோள் உயரத்துக்கு நிறுத்திப் பார்த்தார். அதற்குள் ஒரு ஆள் நிற்பதைப் போல வெகுநேரம் பார்த்தார். “இவ்ளோ உசரம் இருப்பா இல்ல? அப்ப என்னைப் பாத்தா அவளுக்கு அடையாளம் தெரியுமா?” என்று கேட்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் நாலு கவுனோடு இன்னொரு பொட்டலமும் கொடுத்தார். நாலு பக்கமும் தைத்து மூடியிருந்த துணிப் பொட்டலம். மகள் வயசுக்கு வரும் அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும் என்றார். அவர் அன்று வேறு புடவையில் இருந்தார். நீலப்பூ புடவை எங்கே என்றதற்கு, கிழிந்துவிட்டது என்றார்.

கப்பல் போயிற்று. மாதம் ஒரு சனிக்கிழமை ஹாஸ்டலில் அவளைப் பார்க்க என்னை விடுவார்கள். முதல் கிறிஸ்துமஸுக்குக் கவுனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டாள், ஆனால் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமும் அதே கதைதான். முதுகில் வைத்துப் பார்க்கக்கூட விடவில்லை. “கவுன் பொருந்தியதா?” என்று நியூகினியிலிருந்து அக்கா எழுதிக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தர்மசங்கடமாக இருக்கும். இந்தப் பெண் அம்மாவை மன்னிக்கவே போவதில்லை என்று நினைத்தேன். பொட்டலத்தை மட்டும் என் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். எத்தனையோ முறை கத்தரிக்கோல் வரைக்கும் என் கை போய்த் திரும்பியது.

மூன்றாவது வருஷம் மழைக்காலத்தில் ஹாஸ்டல் ஆயா சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்து விஷயத்தைச் சொன்னார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பொட்டலத்தையும் தையல் பையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சிக் ரூமில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. “உங்க அம்மா குடுத்தது” என்றேன். அசையவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன்.

மேலே மாம்பழ நிறத்தில் ஒரு பாவாடையும் தாவணியும் இருந்தன. ரவிக்கையைப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத் தையல் எதையும் முடிக்காமல், லேசாக ஓட்டுத் தையல் மட்டும் போட்டு விட்டிருந்தார். மகள் அப்போது எப்படி இருப்பாள் என்பது தனக்குத் தெரியாது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தை எனக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்கும் கீழே மாதவிலக்குக்கு வைத்துக்கொள்ளும் துணிகள், ஓரம் மடித்துத் தைத்து வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லாம் நீலப்பூ. கிழிந்துபோனதாகச் சொன்னாரே, அந்தப் புடவை.

அவள் திரும்பினாள். ஒரு துணியை எடுத்துப் பார்த்தாள். முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். எவ்வளவு நேரம் அழுதாளோ தெரியாது, நானும் கூடவே அழுதேன். வார்டனம்மா கதவருகில் வந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார்.

அப்புறம் எழுந்து என் முன்னால் நின்றாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கினாள். “அளவு எடுங்க ஆன்ட்டி.”

அங்கேயே உட்கார்ந்து ரவிக்கையை முடித்துக் கொடுத்தேன். தாவணியைக் கட்டிக்கொண்டதும், “அம்மாவுக்கு என் உசரம் தெரியாதில்ல?” என்று கேட்டாள். என் பையில் பாவாடை நாடா ஒரு சுருள் இருந்தது. அவளைச் சுவரோரம் நிறுத்தி உச்சியிலிருந்து குதிகால் வரைக்கும் பிடித்து வெட்டினேன். அந்த நாடாவை மடித்து அவளே கவரில் போட்டு நியூகினிக்கு அனுப்பினாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் கவுனைப் போட்டுக்கொண்டாள். உள்ளே மடித்த துணியில் பாதியைப் பிரித்து விட வேண்டியிருந்தது.

நாலு வருஷம் முடிந்து அவர்கள் வந்து இறங்கியபோது துறைமுகத்துக்கு நானும் போயிருந்தேன். அக்கா முதலில் கைப்பையைத் திறந்து அந்த நாடாவைத்தான் எடுத்தார். பழுப்பேறிப் போயிருந்தது. மகளின் உச்சியில் வைத்துக் கீழே விட்டார். கணுக்கால் வரைகூட எட்டவில்லை. “போதலடி” என்று சிரித்தார். அடுத்த நிமிஷம் அத்தனை கூட்டத்தின் நடுவே அவளைக் கட்டிக்கொண்டு கதறிவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது மெஷின் மிதிக்க என் முழங்கால் விடுவதில்லை. ஆனாலும் பேத்திக்கு எதையாவது தைக்க உட்கார்ந்து, உள்ளே துணி விட்டு மடிக்கும்போதெல்லாம், மகள் வளர்வதைப் பார்க்கக் கிடைக்காது என்று தெரிந்தே ஒவ்வொரு வயதுக்கும் தைத்து வைத்துவிட்டுப் போன அந்த அக்காவை நினைத்து என் கை தானாக ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது.