நீலக் கோடு போட்ட நண்டுப் பெட்டி

புது மெஷின் வந்து இறங்கிய அன்று நான் சாப்பிடக்கூட உட்காரவில்லை. எட்டு ஹார்டு டிஸ்க் பிடிக்கும் கறுப்புப் பெட்டி. ஒவ்வொரு அறைக்கும் தனித் தட்டு. அழுத்தினால் டக்கென்று வெளியே வரும். எட்டையும் வரிசையாக அழுத்திப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை.

"உடைச்சிட்டுத்தான் சாப்பிடுவியா?" என்றார் நைனா.

அதுவரை எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கு ஒரு சர்வர், ஃபைல்களைச் சேமித்து வைக்கும் மெஷின். ஒன்று பழவேற்காட்டில் என் அறையில். இன்னொன்று ஏரிக்குள், படகில் போகவேண்டிய ஊரில், அக்கா வீட்டில். மாமா கல்யாணங்களை வீடியோ எடுப்பார், அக்கா உட்கார்ந்து எடிட் செய்வாள். சுற்றுவட்டாரக் குப்பங்களின் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாமே அவளுடைய நான்கு டிஸ்குகளில் இருந்தன. மெமரி கார்டை அடுத்த விசேஷத்துக்காக அழித்துவிடுவதால் வேறு பிரதி கிடையாது. மழையில் ஆல்பம் நனைந்துபோனவர்கள் அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

உப்புக்காற்றில் இரண்டு சர்வருமே துருவேறிவிட்டன. அவளுடைய நான்கையும் என்னுடைய நான்கையும் புது மெஷினில் ஏற்றுவது, ஏற்றியவுடன் அவளுடையதையெல்லாம் என் டிஸ்குகளில் இருந்த காலி இடத்தில் ஒரு பிரதி எடுப்பது. இதுதான் திட்டம். அவளுடைய நான்கும் சேர்ந்து ஒரே கூட்டு. அதில் ஒன்று செத்தால் மற்ற மூன்றை வைத்துச் சமாளிக்கலாம். இரண்டு செத்தால் மொத்தமும் போய்விடும். இதை அவளுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

படகில் அக்கா வீட்டுக்குப் போய், அவளுடைய டிஸ்குகளைக் கழற்றி, எண் ஒட்டி, தனித்தனி ஜிப் கவரில் போட்டு, நடுவில் துண்டு வைத்துச் சுற்றினேன். அக்கா ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்தாள். அவள் மாமியார் தினமும் உயிர் நண்டு போட்டு அனுப்புகிற பெட்டி. மூடியில் நீலக் கோடு, ஓரத்தில் காற்றுப்போக ஓட்டைகள்.

"கழுவிக் காய வெச்சதுதான். இதவிட பத்திரமானது இந்த ஊர்லயே கிடையாது."

எனக்கும் பிடித்திருந்தது. இடி தாங்கும், கனமும் இல்லை. என் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். பெட்டிக்கு வெளியே என்ன எழுதுவது என்று ஒரு வரி அதில் இல்லை.

திரும்பும்போது படகு பழவேற்காட்டுக் கரையில் ஒதுங்கியதும், பெட்டியைப் படகிலேயே வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தால் பெட்டியைக் காணோம்.

"நீலக் கோடுதானே? வண்டியில ஏத்திட்டேன்" என்றார் படகுக்கார அண்ணன். "தினம் ஏத்துறதுதானே."

"அதுல நண்டு இல்லண்ணா. அக்காவோட கல்யாண வீடியோ மொத்தமும் அதுலதான் இருக்கு."

அவர் துடுப்பைக் கீழே வைத்தார். "அதான் பார்த்தேன். இன்னாடா இது, இன்னைக்கு உள்ள ஒண்ணும் பிராண்டலையேன்னு."

அது மீன் வண்டி, காட்டூர் வழியாக மீஞ்சூர் போகிறது. டிரைவர் போனை எடுக்கவில்லை. நான் ஸ்கூட்டரில் கிளம்பினேன். உயிர் நண்டுப் பெட்டிக்குள் ஐஸ் கொட்டமாட்டார்கள், அது ஒரு நல்ல சேதி. ஆனால் அதன்மேல் இறால் பெட்டியை அடுக்குவார்கள், அதில் ஐஸ் இருக்கும். வழியெல்லாம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு போனேன்.

காட்டூர் டீக்கடையில் வண்டி நின்றிருந்தது.

"இன்னாம்மா, நண்டு அவ்ளோ அவசரமா?" என்றார் டிரைவர், கையில் டீயோடு. விஷயத்தைச் சொன்னதும் மேல்பெட்டிகளை இறக்கினார். நீலக் கோட்டுப் பெட்டி அடியில் இருந்தது. மேலே இருந்த இறால் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி, ஓட்டை வழியாக உள்ளே இறங்கியிருந்தது. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இத எவன் துன்னுவான்?"

அங்கேயே ஒவ்வொரு கவரையும் எடுத்துப் பார்த்தேன். கீழே இருந்தவை நன்றாக இருந்தன. மேலே இருந்த இரண்டு கவர்களில் ஜிப் விலகி, உள்ளே ஈரம். அக்காவைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"எத்தினி நனைஞ்சிது?"

"ரெண்டு."

"சரி. வீட்டுக்குப் போய் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

நனைந்த டிஸ்குக்கு அவசரப்பட்டு கரண்ட் கொடுக்கக் கூடாது. துடைத்து, இணைப்பு முனைகளைச் சுத்தம் செய்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் மூடி வைத்தேன். காய்ந்துவிட்டது என்று நம்பிக்கை வரும்வரை புது மெஷினை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு அறைகளில் நான்கில் என்னுடையவை ஏற்கெனவே பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தன.

கடைசியில் அக்காவை வீடியோ காலில் வைத்துக்கொண்டு அவளுடையவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒன்று, பச்சை. இரண்டு, பச்சை. மூன்றாவது நனைந்தது, கொஞ்சம் முனகிவிட்டுச் சுழலத் தொடங்கியது. பச்சை. நான்காவது சிவப்பு. கழற்றித் திரும்பப் போட்டும் சிவப்புதான்.

"போச்சா?" என்றாள்.

"ஒண்ணுதான்க்கா போச்சு. மூணு போதும்."

திரையில் அவளுடைய ஃபோல்டர்கள் மளமளவென்று வந்து இறங்கின. கைக்கு வந்த ஒன்றைத் திறந்தேன். யாரோ ஒரு மாப்பிள்ளை, மாலையோடு படகிலிருந்து இறங்க முடியாமல் தடுமாறினார். பின்னால் பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"பல்ல காட்டாத. காப்பி எடுடி முதல்ல" என்றாள் அக்கா.

எடுத்தேன். முடியும்வரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அடுத்து ஒரு கையடக்க டிஸ்க் வாங்கி இன்னொரு பிரதி எடுத்தேன், அக்கா வீட்டிலேயே இருக்கட்டும் என்று. அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு படகேறினேன்.

படகுக்கார அண்ணன் பையையே பார்த்தார். "பாப்பா, இது நண்டா, கல்யாணமா?"

"கல்யாணம்ணா."

"அப்ப மடியிலயே வெச்சிக்க" என்று கழியை ஊன்றிப் படகைத் தள்ளினார்.